இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு இரணியல் வீடு: பழைய மரச்சாமான்களைச் சீர்செய்த நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டம் இரணியல் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதில் தனியாக இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர். மகன் குடும்பத்தோடு வளைகுடாவில். ஆடியில் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவதற்குள் முன்னறையும் படுக்கையறையும் ஆள் புழங்குகிற மாதிரி ஆக வேண்டும் என்பது அவர் விருப்பம். நாகர்கோவிலில் ஒரு கடையில் கட்டில், சாப்பாட்டு மேசை, சோபா, அலமாரி என்று விலை கேட்டிருக்கிறார். ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அவர் ஒதுக்கி வைத்திருந்தது இருபதாயிரம். அதற்கு மேல் மகனிடம் கேட்க மனமில்லை.

பழைய சாமான்களைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில் என்பதால் என்னைக் கூப்பிட்டார். வேலை மாசியில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. அடுத்து வந்த இரண்டு மழைக்காலமும் கழிந்த பிறகு மறுபடி போய் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சீர்செய்த அன்றைக்கு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இந்த மாவட்டத்தில் ஒரு வேலை நின்றதா இல்லையா என்பதை இடவப்பாதி என்கிற ஜூன் மழையும் ஐப்பசி மழையும்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பிரதானம். குமரிக்கு ஜூன் முதல் தென்மேற்கும் உண்டு, அக்டோபர் முதல் வடகிழக்கும் உண்டு. நடுவில் மரம் முழுசாக உலர்வதற்கு அவகாசம் குறைவு. அதோடு குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்று. ஆகவே இங்கே குறைந்த பணத்தில் சாமான்களைச் சீர்செய்ய நினைத்தால், முதல் ரூபாய் கால்களுக்கும் மூட்டுகளுக்கும் பூச்சிக்கும் போக வேண்டும். நிறம் கடைசியில் வரட்டும். இருக்கிற மரம் எது என்று தெரிந்துகொள்ளாமல் பிரஷை எடுக்கவே கூடாது. இந்த வீட்டில் நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

வீட்டில் என்ன இருந்தது

படுக்கையறையில் ஒரு கட்டில், தலைமாட்டில் கடைசல் வேலை, மேலே கறுத்துப்போன பாலிஷ். உட்கார்ந்தாலே ஆடியது. முன்னறையில் கை நீண்ட சாய்வு நாற்காலி, பிரம்புப் பின்னல் தொட்டில் போலத் தொங்கியது. பின்கட்டில் நெல் போட்டு வைத்திருந்த பத்தாயம், மூடி வைத்த பெரிய மரப்பெட்டி. வயல் விற்ற பிறகு அதில் பழைய பாத்திரங்கள். பதினைந்து இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய ரப்பர் மரச் சாப்பாட்டு மேசை, அதன் காலடியில் மாவு மாவாகப் பொடி. அடிப்பாகம் துருவேறிய இரும்பு பீரோ. ஒரு டிவி ஸ்டாண்டு, அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்தது, ஓரமெல்லாம் ஊதிப் பிளந்திருந்தது.

டிவி ஸ்டாண்டை முதல் நாளே வெளியே எடுத்துப் போட்டோம். தூள் பலகை ஒருமுறை நீர் குடித்து ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது, திருகாணி பிடிக்காது, மேலே எதைப் பூசினாலும் வீண். குறைந்த பட்ஜெட்டில் எதைக் காப்பாற்றக் கூடாது என்று முடிவெடுப்பதும் பணத்தை மிச்சப்படுத்துகிற வேலைதான்.

மற்றவற்றை முற்றத்து வெளிச்சத்தில் போட்டு, அடிப்புறத்தில் ஒரு மறைவான இடத்தைச் சுரண்டிப் பார்த்தோம். கட்டில் தேக்கு: புதிதாகச் சுரண்டிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், தோல் வாசம் மாதிரி ஒரு மணமும் வந்தது. பத்தாயம் அயனி, பலா இனத்து மரம். எங்களோடு வேலை செய்த ஆசாரி பலகையைத் தட்டிப் பார்த்தவுடனே சொன்னார்:

“டீச்சரே, இது நல்ல முத்தின அயனியாக்கும். இப்பம் இப்படி அகலத் தடி எங்க போனாலும் கிட்டாது. இதுக்க மேல பெயின்ட் அடிக்கச் சொல்லாதீங்க.”

டீச்சர் மனதில் இருந்தது வேறு. கைபேசியில் பார்த்த வீடியோக்களில் போல எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டால் அறை வெளிச்சமாகும் என்று நினைத்திருந்தார். அந்த ஆசை நியாயமானது. ஓட்டு வீடுகளின் உள்ளறைகள் இருட்டுத்தான். ஆனால் வெளிச்சத்தைச் சுவரிலும் திரைச்சீலையிலும் கொண்டுவரலாம், மரத்தில் கொண்டுவர வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். காரணம் அழகு மட்டுமில்லை. கண்ணுக்குத் தெரிகிற மேற்புறத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து அடிப்புறத்தை வெறுமனே விட்டால், மழைக்காலத்தில் ஈரம் அடிவழியாக ஏறும். ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் விரியாமல் பலகை வளையும், பெயின்ட் பொருக்கு விடும். பூச்சி துளை போட்டாலும் வெகுநாள் வெளியே தெரியாது.

பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. திருவிதாங்கூர்த் தலைநகர் 1795-ல் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. அங்கே செதுக்கிய தூண்களும் கூரையும் மூலிகை மரக்கட்டிலும் மரத்தின் சொந்த நிறத்திலேயே நிற்கின்றன. தன் மாணவர்களை அங்கே கூட்டிப்போன டீச்சருக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. “அப்போ கட்டிலையும் பத்தாயத்தையும் அப்படியே விடுங்க, மேசையை வேணும்னா அடியுங்க” என்றார்.

கட்டில்

பழைய பாலிஷ் எது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்து மறைவான இடத்தில் வைத்து ஒரு நிமிஷம் பொறுத்தால் போதும். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ், கடைக்காரர்கள் பிரெஞ்ச் பாலிஷ் என்பார்கள். இளகாவிட்டால் வார்னிஷோ மெலமைனோ இருக்கும். இந்தக் கட்டில் அரக்கு. இது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் அரக்கை முழுசாக உரித்தெடுக்க வேண்டியதில்லை. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் மேலே படிந்த அழுக்கும் புகையும் போய்விடும், கீழே உள்ள அரக்கு இளகித் தானே மறுபடி சமமாகப் பரவும். உப்புத்தாள் அதிகம் தேவைப்படவில்லை. கடைசல் மடிப்புகளுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ்தான்.

ஆட்டத்துக்குக் காரணம் மூட்டு. அந்தக் காலத்தில் வஜ்ரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த பசை) காய்ச்சி ஒட்டியிருக்கிறார்கள். ஈரத்தில் வஜ்ரம் இளகிவிடும். இளகியதன் மேல் புதுப் பசை பிடிக்காது. பலரும் இங்கேதான் அவசரப்பட்டு மூட்டு இடுக்கில் ஃபெவிகாலை ஊற்றி ஆணி அடித்துவிடுகிறார்கள். ஆணி துருப்பிடிக்கும், மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து சுற்றிலும் கறுப்புக் கறை பிடிக்கும், அடுத்த தடவை கழற்றும்போது மரமே பிளக்கும். ஆசாரி மூட்டுகளை முழுசாகக் கழற்றினார். துளைக்குள் செருகும் முனைகளான கழுந்துகளில் இருந்த பழைய பசையை வெந்நீர்த் துணியால் ஊறவைத்துச் சுரண்டினார். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஒட்டுகிற பரப்பைத் தின்னரால் துடைத்துவிட்டுப் பசை வைத்தார். கழுந்து தளர்ந்த இடத்தில் மெல்லிய சீவல் ஒட்டிப் பருமன் சேர்த்தார். பிறகு கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் கம்பு செருகி முறுக்கி இறுக்கி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டார். கிளாம்ப் வாங்கக் காசு இல்லாத வீட்டில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒரு காலின் அடி மூன்று அங்குலம் மக்கியிருந்தது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த வீட்டுப் பறம்பில் சாய்ந்த அயனியை அறுத்து விறகுப்புரையில் அடுக்கி வைத்திருந்தார்கள். இத்தனை வருஷம் காற்றாடக் காய்ந்த பலகை அது. அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் காலுக்கு ஒட்டுப்போட்டோம். தேக்கும் அயனியும் நிறத்தில் கொஞ்சம் வேறுபடும், கீழே என்பதால் கண்ணில் படாது. மாவட்டத்தில் பல வீடுகளில் ஒக்கித் தடி இன்னும் மழை நனைந்து கிடக்கிறது. அதைக் கூரைக்கடியில் எடுத்து, பலகைக்குப் பலகை நடுவே குச்சி வைத்துக் காற்று புகும்படி அடுக்கினால் பழுதுபார்க்க வேண்டிய மரம் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

புது அரக்கு மூன்று மெல்லிய பூச்சு. காலை பத்து மணிக்கு முன்னும் மழை மூடியிருக்கும்போதும் பூசவில்லை. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சு பால் படிந்ததுபோல வெளுத்துவிடும். இந்த வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

பத்தாயம்

இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த சாமான் இதுதான். அடிப்பலகையைச் சிதல் (கறையான்) தின்றிருந்தது. சுவர்ப்பலகைகளில் ஒரு குறையும் இல்லை. சிதல் மண்ணிலிருந்து ஏறுவது. ஏறும் வழியை அறுக்காமல் மருந்து மட்டும் அடித்தால் திரும்ப வரும். முதலில் மண்புற்று வழிகளை எல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்து, சுவரோடு ஒட்டியிருந்த பத்தாயத்தை ஒரு சாண் தள்ளி வைத்து, நான்கு மூலையிலும் கருங்கல் துண்டு கொடுத்தோம். மயிலாடிப் பக்கம் கல்வேலைப் பட்டறைகளில் இப்படிப்பட்ட வெட்டுத் துண்டுகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

அடிப்பலகைக்கு மட்டும் முந்திரித் தோட்டு எண்ணெய் பூசினோம். அண்டி ஆபீஸ்கள் எனப்படும் முந்திரி ஆலைகள் நிறைந்த மாவட்டம் இது. அந்த எண்ணெய்க்குப் பூச்சி அண்டாது என்பது வள்ளத்துக்குப் பூசிய பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆனால் அது தோலைப் பொத்துவிடும், சாதாரணமான எரிச்சல் இல்லை. நீளக் கையுறை போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பிள்ளைகள் தொடாத அடிப்புறத்துக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். உட்காரும் இடத்துக்கும் கை படும் இடத்துக்கும் கண்டிப்பாகக் கூடாது.

மேற்பரப்புக்குத் தேன்மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் மெழுகு வாங்கலாம். ஒரு பங்கு மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தள்ளி எடுத்துவந்த பிறகு மூன்று பங்கு டர்பன்டைன் கலக்க வேண்டும். டர்பன்டைன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கத்தில் அதைத் திறக்கவே கூடாது. ஆறியதும் குழம்பாகிவிடும். பழைய துவர்த்துத் துணியால் மெல்லத் தேய்த்து, அரைமணி கழித்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தோம். அயனியின் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் மேலே எழுந்து வந்ததைப் பார்த்து டீச்சர் நெடுநேரம் கைவைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

வழக்கமாக நம் வீடுகளில் மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். வேண்டாம். தேங்காய் எண்ணெய் காய்ந்து படலமாவதில்லை. பிசுக்காகவே நிற்கும், தூசியைப் பிடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும்.

மூடி உறுதியாக இருந்ததால் பத்தாயம் இப்போது முன்னறை ஜன்னலோர இருக்கை. உள்ளே விருந்தாளிகளுக்கான பாயும் தலையணையும் போர்வையும். சோபா வாங்குகிற செலவு இதில் போனது.

சாய்வு நாற்காலி, மேசை, பீரோ

நாற்காலியின் பிரம்பு அறுந்திருக்கவில்லை, தொய்ந்துதான் இருந்தது. இயற்கைப் பிரம்பு என்றால் அடிப்புறமாக வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து நிழலில் காயவிட்டால் சுருங்கி இறுகும். முதுகுப் பக்கம் இதிலேயே சரியாகிவிட்டது. உட்காரும் பகுதியில் இழைகள் ஒடிந்திருந்ததால் பின்னுகிறவரிடம் கொடுத்தோம். பிளாஸ்டிக் வயரில் பின்னினால் பாதிச் செலவுதான் ஆகியிருக்கும். ஆனாலும் பிரம்பையே தேர்ந்தெடுத்தோம். உட்காருகிற மனுஷிக்கு முதுகு வியர்க்காது என்பது ஒரு காரணம். ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கிற ஒரு கைவேலைக்குக் கூலி போகட்டும் என்பது இன்னொன்று. இந்தச் செலவை டீச்சரே வலியுறுத்தினார்.

மேசை சிக்கலானது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்தாவிட்டால் வண்டு விடாது. குலசேகரம், அருமனைப் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம் என்பதால் மரம் மலிவு. பதப்படுத்தாத மரமும் அதோடு சந்தைக்கு வந்துவிடுகிறது. மருந்துக்கடை ஊசிக்குழலால் ஒவ்வொரு துளையிலும் மரப்பூச்சி மருந்தை ஏற்றி, துளைகளை மெழுகால் அடைத்தோம். அடைப்பது அழகுக்காக மட்டுமில்லை: பிறகு ஒரு புதுத் துளை தெரிந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மேசையை உப்புத்தாளில் 120, பிறகு 180, கடைசியில் 220 என்று ரேகை போகிற திசையிலேயே தேய்த்து, பிரைமர் கொடுத்து, மேலும் கீழும் வெள்ளை எனாமல் அடித்தோம். டீச்சர் கேட்ட வெள்ளை இங்கே வந்துவிட்டது. வெளிறிய ரப்பர் மரத்துக்கு அது பொருத்தம்தான்.

பீரோவில் பழைய பச்சைப் பெயின்ட். இந்தியாவில் வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, அதுவும் பிள்ளைகள் வரப்போகிற வீட்டில். தண்ணீர் உப்புத்தாள் போட்டு ஈரமாகவே தேய்த்து, சேற்றைத் துணியால் துடைத்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்தினோம். துரு இருந்த இடத்துக்குக் கம்பி பிரஷ், துரு மாற்றும் திரவம், ரெட் ஆக்சைடு பிரைமர், பிறகு எனாமல். தரை துடைக்கிற தண்ணீர்தான் பீரோ அடியை அரிக்கிறது என்பதால் அதற்கும் கீழே கல் வைத்தோம்.

அறை அலங்காரத்துக்கு அதிகம் செய்யவில்லை. சுவருக்கு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பு. ஜன்னலுக்குக் கரை போட்ட நேரியல் துணி, பத்தாயத்து மெத்தைக்கு வடசேரியில் வாங்கிய கைத்தறி. பித்தளைக் கைப்பிடிகளையும் நிலைவிளக்கையும் புளி தேய்த்துக் கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்து மெழுகு தடவினோம். கைப்பிடிகளில் இருந்த இரும்புத் திருகாணிகளை மாற்றிப் பித்தளைத் திருகாணி போட்டோம். உப்புக்காற்றில் பித்தளையோடு சேர்ந்த இரும்பு சீக்கிரம் கரையும்.

செலவு

ஆசாரிக்கு நாள் கூலி 1,200 வீதம் 8,400 ரூபாய். பிரம்புப் பின்னலுக்கு 2,500. அரக்கு, ஸ்பிரிட், மெழுகு, டர்பன்டைன், உப்புத்தாள், பிரைமர், எனாமல் எல்லாம் கோட்டாரில் வாங்கியது 2,800. பூச்சி மருந்தும் தோட்டு எண்ணெயும் 900. பீரோவுக்குத் தனியாக 1,300. துணியும் தையலும் 2,200. கல், திருகாணி, வண்டி வாடகை 700. மொத்தம் 18,800. என் கூலி இதில் சேராது. அது தனிக் கணக்கு. வீட்டுக்காரர்கள் தாங்களே நின்று செய்தால் அந்தச் செலவு இல்லை.

பாதிக்கு அருகில் போனது மூட்டைக் கழற்றிப் பூட்டிய கூலிக்கு. பூச்சு வகைகள் ஏழில் ஒரு பங்கு அளவுதான். பட்ஜெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள்: பெயின்டுக்கு எட்டாயிரம் எழுதுவார்கள், ஆசாரிக்கு இரண்டாயிரம் எழுதுவார்கள்.

இரண்டு மழைக்குப் பிறகு

கட்டில் ஆடவில்லை. ஒட்டுப்போட்ட காலில் விரிசல் இல்லை. தலைமாட்டில் ஒரு இடத்தில் அரக்கு லேசாக வெளுத்திருந்தது, ஓட்டுச்சந்து வழியாகச் சாரல் விழுகிற மூலை அது. ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை ஒற்றியதும் போய்விட்டது; ஓட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன். பத்தாயத்தில் சிதல் இல்லை. பிள்ளைகள் அதன் மேல் ஏறிக் குதித்ததில் மூடியின் ஒரு கீல் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

மேசையின் ஒரு காலில் புதுத் துளையும் கொஞ்சம் பொடியும் இருந்தன. இது எதிர்பார்த்ததே. மரத்துக்குள் இருக்கும் புழு வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். ஒரே தடவை மருந்தில் எல்லாம் தீராது. மறுபடி ஏற்றியிருக்கிறோம், அடுத்த மாசியிலும் பார்க்க வேண்டும். அந்தக் கால் போனால் ஒக்கி அயனியில் புதுக்கால் கடைந்து போடலாம் என்று ஆசாரி அளவெடுத்து வைத்திருக்கிறார்.

பீரோவில் துரு திரும்பியிருக்கிறது. தகடு மடிகிற உள்பக்கத்துக்குப் பிரஷ் போகவில்லை, அங்கிருந்து கசிகிறது. கவிழ்த்துப் போட்டு மடிப்புக்குள் ரெட் ஆக்சைடை ஊற்றி ஓடவிட வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது தானே செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை டீச்சர் பீரோவுக்குக் கீழே ஈரத் துணி போட்டுத் துடைப்பதை நிறுத்திவிட்டு விளக்குமாறு மட்டும் பயன்படுத்துகிறார்.